25,000 அடியில் எந்த மாஸ்க்கை நம்பலாம்?

மூச்சு முட்டினால் உடம்பே சொல்லிவிடும் என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தண்ணீருக்குள் மூழ்கினால் சொல்கிறது, தலையணையில் முகம் அழுந்தினால் சொல்கிறது. ஆனால் உடம்பு அப்படிப் பதறுவதற்கு முக்கியக் காரணம், வெளியேற வழியில்லாமல் உள்ளே சேர்ந்துவிட்ட கரியமில வாயு. 25,000 அடி உயரத்தில் கதை வேறு. அங்கே மூச்சு தாராளமாக வந்து போகிறது, கரியமில வாயுவும் வழக்கம்போல வெளியேறிவிடுகிறது. காற்றழுத்தம்தான் தரைமட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம்; அதனால் ஒவ்வொரு மூச்சிலும் வரும் ஆக்சிஜனும் அவ்வளவுதான். வலி கிடையாது, பதற்றம் கிடையாது, சிலருக்குக் கொஞ்சம் குஷியாகக்கூட இருக்கும். மாஸ்க் இல்லாதவர் மூன்றிலிருந்து ஐந்து நிமிடங்களில் எதற்கும் உதவாத நிலைக்குப் போய்விடுவார். 30,000 அடியில் ஒன்றிரண்டு நிமிடம். 35,000 அடியில் ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது.

இரண்டாம் உலகப் போரில் விமானப் படையினர் அணிந்த ஆக்சிஜன் மாஸ்க்குகளை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் எது ஆக்சிஜனை மிச்சப்படுத்தியது, எது அதிக உயரத்துக்குத் தாங்கியது என்று பார்ப்பார்கள். அதுவும் தேவைதான். ஆனால் மேலே சொன்ன விஷயத்தை மனதில் வைத்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று எனக்குத் தோன்றுகிறது: மாஸ்க் கைவிடும்போது அது யாருக்குத் தெரியும், எவ்வளவு சீக்கிரம் தெரியும்? அணிந்திருப்பவருக்குத் தானாகத் தெரியப்போவதில்லை. அப்படியானால் வேறு ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டும். 1942, 1943இல் ஒரு குண்டுவீச்சு விமானப் பிரிவுக்கு எந்த மாஸ்க் என்று முடிவெடுக்கும் பொறுப்பு நமக்கு இருந்திருந்தால் எதைத் தேர்ந்தெடுத்திருப்போம் என்று இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

பை தொங்கும் மாஸ்க்: ஏ-8பி

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் என்ற ஊர். அங்குள்ள மேயோ கிளினிக்கில் வால்டர் பூத்பி, ராண்டால்ஃப் லவ்லேஸ், ஆர்தர் புல்புலியன் என்ற மூவர் 1938இல் ஒரு மாஸ்க்கை உருவாக்கினார்கள். மூவரின் பெயர்களில் இருந்து முதல் எழுத்துகளை எடுத்து அதை பி.எல்.பி. மாஸ்க் என்றார்கள். நோயாளிகளுக்கும் விமானப் பயணத்துக்கும் ஒரே மாதிரி பயன்பட்டது. 1939ஆம் ஆண்டுக்கான காலியர் கோப்பை அமெரிக்க விமான நிறுவனங்களுக்கு வழங்கப்பட்டபோது, பூத்பி, லவ்லேஸ், ராணுவ மருத்துவர் ஹாரி ஆம்ஸ்ட்ராங் ஆகியோரின் பங்கு சிறப்பாகக் குறிப்பிடப்பட்டது. புல்புலியனின் பின்னணி சுவாரசியமானது. பல் மருத்துவம் படித்தவர். மூக்கையோ காதையோ இழந்தவர்களுக்குச் செயற்கை உறுப்பு செய்து பொருத்தியவர். மனித முகத்தின் மேடு பள்ளங்கள் அவருக்கு அத்துப்படி. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வருவார்.

அந்த மாஸ்க்கின் வழிவந்ததுதான் அமெரிக்க ராணுவ விமானப் படையின் ஏ-8 வரிசை. ஏ-8பி அதில் ஒன்று. இதில் ஆக்சிஜன் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். மாஸ்க்கின் கீழே ஒரு ரப்பர் பை தொங்கும். நாம் மூச்சை வெளியே விடும்போது முதலில் வருவது நுரையீரலின் ஆழத்துக்குப் போகாமல் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் தங்கியிருந்த காற்று. அதில் ஆக்சிஜன் அப்படியே இருக்கும். அது பைக்குள் போய் புதிய ஆக்சிஜனோடு கலக்கும். மீதி மூச்சு, மாஸ்க்கில் வைத்திருக்கும் பஞ்சு போன்ற ரப்பர் வட்டின் வழியாக வெளியேறும். அடுத்த மூச்சில் முதலில் பையில் உள்ளது உள்ளே வரும். போதாவிட்டால் அதே வட்டின் வழியாக வெளிக்காற்று வந்து நிரப்பும். எளிமையான, அழகான யோசனை. மாஸ்க் முகத்தில் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்கும். அதுவும் ஒரு பெரிய வசதி.

மருத்துவமனை வார்டில் வேண்டியவர் ஒருவருக்குப் பை வைத்த மாஸ்க் மாட்டியிருக்க, பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தப் பை உப்புவதையும் சுருங்குவதையும் விடிய விடியப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இந்த மாஸ்க்கின் அருமை தெரியும். பை அசைகிறதா? உயிர் இருக்கிறது. விமானத்திலும் பக்கத்தில் நிற்பவர் ஒரு பார்வையில் அதே தைரியத்தைப் பெறலாம்.

ஆனால் இந்த இடத்தில்தான் ஏ-8பி ஏமாற்றுகிறது. சிலிண்டரில் இருந்து வரும் குழாய் கழன்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெளிமூச்சின் முதல் பகுதி அப்போதும் பைக்குள் போய்த்தான் திரும்பும். பை அசைந்துகொண்டுதான் இருக்கும். ஆள் மூச்சு விடுகிறார் என்பதைத்தான் அது சொல்கிறது. ஆக்சிஜன் வருகிறது என்று சொல்லவில்லை. பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

அப்புறம் குளிர். 1942இல் இங்கிலாந்துக்கு வந்த அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் 20,000 அடிக்கு மேல் பறந்தன. பக்கவாட்டுத் துப்பாக்கிக்காரர்கள் திறந்த ஜன்னலில் நின்றார்கள். வெளியே மைனஸ் 40 டிகிரி சர்வசாதாரணம். (மைனஸ் 40இல் செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒன்றுதான், குழப்பமே வேண்டாம்.) மூச்சில் இருக்கும் ஈரம் முழுக்க பையிலும் ரப்பர் வட்டிலும் படிந்தது, படிந்தது உறைந்தது. வட்டு அடைத்துக்கொண்டால் பரவாயில்லை, மூச்சு விடக் கஷ்டமாகும், ஆள் விழித்துக்கொள்வார். பையின் கழுத்தில் பனி கட்டி ஆக்சிஜன் வரத்து குறைந்தால் எதுவும் தெரியாது. வட்டின் வழியே வெளிக்காற்று இதமாக வந்துகொண்டிருக்கும்.

இன்னொரு சிக்கல், எவ்வளவு ஆக்சிஜன் ஓட வேண்டும் என்பதை உயரத்துக்கு ஏற்ப ரெகுலேட்டரில் கையால் திருகி வைக்க வேண்டும். எதிரி விமானம் வரும்போது கனமான துப்பாக்கியை இழுத்துத் திருப்பும் ஆளுக்கு மூச்சு இரண்டு மூன்று மடங்கு வாங்கும். ஆக்சிஜனோ திருகி வைத்த அளவில்தான் வரும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது வீணாகி, தேவைப்படும்போது போதாமல் போகிற ஏற்பாடு இது.

பிரிட்டிஷ் வழி

1940இல் பிரிட்டன் வானில் சண்டையிட்ட ராயல் ஏர் ஃபோர்ஸ் விமானிகள் முகத்தில் இருந்தது டி வகை மாஸ்க். துணியால் செய்து உள்ளே மென்தோல் வைத்தது. மைக்ரோஃபோனைத் தாங்குவதற்கு நன்றாக இருந்தது. ஆக்சிஜனைத் தாங்குவதற்கு அவ்வளவு நன்றாக இல்லை, கசிந்தது. தொடர்ந்து ஓடும் ஆக்சிஜனில் பெரும்பங்கு வெளிமூச்சோடு வீணாய்ப் போனது. அதற்குப் பிறகு வந்த ரப்பர் மாஸ்க்குகள், குறிப்பாக ஜி வகையும் போரின் பிற்பகுதியில் வந்த எச் வகையும், எவ்வளவோ மேல்.

ஆனால் பிரிட்டிஷாரின் உண்மையான சாதனை மாஸ்க்கில் இல்லை, அதற்குப் பின்னால் இருந்த ஒரு சின்னப் பெட்டியில் இருந்தது. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் பிரையன் மாத்யூஸ் தலைமையில் இயங்கிய உடலியல் ஆய்வகத்தில் உருவான எகானமைசர் அது. ஆள் மூச்சை வெளியே விடும் நேரத்தில் ஓடி வரும் ஆக்சிஜனை ஒரு பையில் தேக்கி வைக்கும். உள்ளே இழுக்கும்போது மொத்தமாகக் கொடுக்கும். ஈரமான வெளிமூச்சு இந்தப் பைக்குள் போவதே இல்லை. அதனால் ஏ-8பியில் பையே பனிக்கட்டியாகும் தொல்லை இங்கே இல்லை. பழைய ரெகுலேட்டரையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. போர் நடுவே ஆயிரக்கணக்கான விமானங்களை மாற்ற வேண்டியிருக்கும்போது இது சின்ன விஷயமா?

ராயல் ஏர் ஃபோர்ஸின் கனரக குண்டுவீச்சு விமானங்கள் இரவில், பெரும்பாலும் 20,000 அடியை ஒட்டிப் பறந்தன. அங்கே கெடு கொஞ்சம் தாராளம். இரவுப் பறத்தலுக்கு வேறொரு தேவையும் இருந்தது. ஆக்சிஜன் குறைந்தால் முதலில் மங்குவது இருட்டுப் பார்வை. 5,000 அடியிலேயே அது தொடங்கிவிடும். அதனால் இரவில் பறப்பவர்கள் தரையில் இருந்தே மாஸ்க் போட்டுக்கொள்ள வேண்டும் என்ற பழக்கம் வந்தது.

என் கேள்விக்கு இந்த ஏற்பாடு என்ன பதில் சொல்கிறது? பாதிப் பதில்தான். ரெகுலேட்டரில் இரண்டு முட்கள்: சிலிண்டரில் எவ்வளவு மிச்சம், எந்த உயரத்துக்கான அளவு ஓடுகிறது. இரண்டும் ரெகுலேட்டர் பக்கம் நடப்பதைத்தான் காட்டும். முகத்துக்குக் கீழே குழாய் கழன்று கிடந்தாலும் ஓட்டத்தைக் காட்டும் முள் தன் இடத்தில் நிற்கும்.

மூச்சிழுத்தால் மட்டும் கொடுப்பது: ஏ-10, ஏ-14

ஜெர்மானியர்கள் போர் தொடங்கும்போதே இந்த முறைக்கு வந்துவிட்டார்கள். ட்ரேகர், ஆவர் போன்ற நிறுவனங்களின் கருவிகளில், ஆள் மூச்சை இழுக்கும் இழுப்பில் ரெகுலேட்டரின் தகடு அசைந்து வால்வு திறக்கும். இழுப்பு நின்றால் மூடிக்கொள்ளும். விமானி முன்னால் இருக்கும் காட்டியில் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு கண் இமைப்பதுபோல அசைவு தெரியும்.

அமெரிக்கர்கள் 1942இல் இதே வழிக்கு மாறினார்கள். தொடக்கத்தில் வந்த ஏ-10 மாஸ்க் முகத்தில் சரியாக உட்காரவில்லை என்று படையினர் குறைப்பட்டார்கள், நழுவியது, உறைந்தது. 1943இல் ஏ-14 வந்தது. வடிவமைத்தவர் மேயோ கிளினிக்கின் அதே புல்புலியன். செயற்கை மூக்கு செய்த கை இந்த மாஸ்க்கில் தெரிகிறது. மூக்கின் இரு பக்கமும் கன்னமும் சேரும் குழிவில்தான் எந்த மாஸ்க்கும் கசியும். ஏ-14இல் ரப்பர் அந்த இடத்தில் முகத்தோடு போய் ஒட்டுகிறது. முகத்துக்கு ஏற்ற அளவுகளில் கிடைத்தது. மைக்ரோஃபோன் வைக்க உள்ளேயே இடம் இருந்தது. ஏ-8பி அணிந்தவர்கள் தொண்டையில் கட்டும் மைக்கில் பேச வேண்டியிருந்தது.

முகத்தோடு ஒட்டுவது ஏன் இவ்வளவு முக்கியம்? இந்த முறையில் மூச்சிழுக்கும்போது மாஸ்க்குக்குள் அழுத்தம் வெளியே இருப்பதைவிடச் சற்று குறையும். சின்ன இடைவெளி இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும். ஒருநாள் தாடிகூட இடைவெளிதான். அதனால் சவரம் செய்துவிட்டுத்தான் பறக்க வேண்டும். கிளம்பும் முன் ஒரு சோதனை உண்டு: மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, குழாயின் முனையைக் கட்டைவிரலால் அடைத்து, மெதுவாக மூச்சிழுக்க வேண்டும். மாஸ்க் முகத்தை அப்பிப் பிடித்தால் சரி. மூக்கோரம் சில்லென்று காற்று வந்தால் வார்களை இறுக்கி மறுபடி பார்க்க வேண்டும்.

ரெகுலேட்டர் ஏ-12. அதன் பக்கவாட்டில் இருக்கும் நெம்புகோலை ஆட்டோ-மிக்ஸில் வைத்தால், உயரத்துக்குத் தகுந்தபடி தானே காற்றையும் ஆக்சிஜனையும் கலந்து கொடுக்கும். 30,000 அடி வாக்கில் முழு ஆக்சிஜனாகிவிடும். கையால் திருக வேண்டியதில்லை. மூச்சு அதிகம் வாங்கினால் அதிகம் கொடுக்கும், அமைதியாக இருந்தால் குறைத்துக்கொள்ளும். ஏ-8பியின் பெரிய குறை இதோடு தீர்ந்தது. சிலிண்டர்களும் மாறின. சதுர அங்குலத்துக்கு 1,800 பவுண்டு அழுத்தத்தில் அடைத்த பழைய உருளைகளில் குண்டு பட்டால் அவை வெடித்துச் சிதறும். மஞ்சள் பூசிய புதிய உருளைகளில் சுமார் 400 பவுண்டுதான்.

இனி என் கேள்வி. ஏ-14இல் குழாய் கழன்றால் என்ன ஆகும்? மிக மோசமானது நடக்கும்: மூச்சிழுப்பது சுலபமாகிவிடும். ரெகுலேட்டர் கொடுக்கும் லேசான தடை போய்விடுவதால், மாஸ்க் திடீரென்று இதமாகிவிட்டதுபோல இருக்கும். துப்பாக்கியோடு இப்படியும் அப்படியும் திரும்பும் ஆளின் குழாய் எங்காவது மாட்டி இழுபட்டுக் கழல்வது எளிது. ஆட்கள் இறந்ததற்கு இதுவே ஒரு முக்கியக் காரணம். அந்த வகையில் பார்த்தால் ஏ-14 ஏ-8பியைவிட ஆபத்தானது என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் சுவரில் ஒரு சின்னக் காட்டி இருக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் திறந்து மூடும் கண். அது மூச்சின் இழுப்பு ரெகுலேட்டர்வரை போய்ச் சேர்ந்தால்தான் இமைக்கும். குழாய் கழன்ற கணமே நின்றுவிடும். ஏ-8பியின் பை சொல்லாத செய்தியை, பிரிட்டிஷ் முள் சொல்லாத செய்தியை இது சொல்கிறது. நான் ஏ-14 பக்கம் சாய்வதற்கு முதல் காரணம் இந்தக் கண்தான். மாஸ்க் தனியாக நின்று இதைச் செய்யவில்லை, மாஸ்க்கும் ரெகுலேட்டரும் காட்டியும் சேர்ந்துதான் செய்தன. ஒப்பிடும்போது இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் கணக்கு தப்பிவிடும்.

கண் இமைப்பதைப் பார்க்க ஆள் அந்தப் பக்கம் திரும்ப வேண்டுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர் பார்வை வானத்தில் இருக்கும். அதற்குத்தான் இன்டர்காமில் அழைப்பு. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவராக அழைத்துப் பதில் கேட்பார்கள். வால் துப்பாக்கிக்காரர், விமானத்தின் வயிற்றில் தொங்கும் துப்பாக்கிக் கோளத்துக்குள் சுருண்டு கிடப்பவர், பக்கத்து ஜன்னல்காரர்கள் என்று வரிசையாக. பதில் வராவிட்டால் ஒருவர் கையில் எடுத்துப்போகும் சின்ன ஆக்சிஜன் பாட்டிலோடு கிளம்ப வேண்டும். அந்தப் பாட்டிலும் சில நிமிடங்களுக்குத்தான். காப்பாற்றப் போனவரே வழியில் மயங்கி விழும் அபாயமும் இருந்தது. மூன்று நிமிடத்தில் ஆள் போய்விடும் உயரத்தில் பதினைந்து நிமிட இடைவெளி எப்படிப் போதும் என்ற கேள்வி என்னை விடவே இல்லை. 30,000 அடிக்கு ஏறும் விமானத்தில் இன்னும் அடிக்கடி அழைத்திருக்க வேண்டும்.

குளிர் ஏ-14ஐயும் விட்டுவைக்கவில்லை. வெளிமூச்சு போகும் வால்வில் பனி ஏறி அது பாதி திறந்தபடி நின்றுவிட்டால், அடுத்த மூச்சுக்கு வெளிக்காற்று அதன் வழியே நேராக உள்ளே வரும். பின்னால் தடுப்புகள் வைத்துச் சரிசெய்யப் பார்த்தார்கள். அதுவரை ஒரே வைத்தியம் கை. மின்சாரத்தில் சூடாகும் உறைமேல் தடித்த கையுறை போட்ட கையால் மாஸ்க்கைப் பிடித்துப் பிசைய வேண்டும். ரப்பருக்குள் பனி நொறுங்கும். முகவாய்க் கீழே துகள்கள் உதிரும். இரண்டு மூச்சு விட்டுப் பார்த்து, மறுபடி துப்பாக்கியைப் பிடிக்க வேண்டும். இதை மணிக்கணக்கில், சண்டைக்கு நடுவிலும் செய்தார்கள். பை தொங்கும் ஏ-8பியில் இவ்வளவு எளிதாகப் பிசைந்து எடுக்க முடியாது. பனி எங்கே பிடித்திருக்கிறது என்றே தெரியாது. இதுவும் ஏ-14க்கு ஒரு மதிப்பெண்.

இன்னும் மேலே: ஏ-13

34,000 அடியில் முழு ஆக்சிஜனைச் சுவாசித்தால் தரையில் காற்றைச் சுவாசிப்பதற்குச் சமம். 40,000 அடியில் அதே முழு ஆக்சிஜன், 10,000 அடியில் வெறும் காற்றுக்குச் சமம். அதற்கு மேல் எந்த மாஸ்க்கும் இழுத்துத் தர முடியாது. அழுத்தித்தான் தர வேண்டும். அமெரிக்க ராணுவ விமானப் படையின் ரைட் ஃபீல்டு ஆய்வகத்தில் ஃபாரோ காக் இதைத்தான் செய்தார். ஏ-13 மாஸ்க்கின் உள்விளிம்பு மடிந்து, உள்ளிருக்கும் அழுத்தமே அதை முகத்தோடு ஒட்ட வைக்கும். கசிவு இருந்தால் ஆக்சிஜன் வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. என் அளவுகோலில் இது எல்லாவற்றையும் மிஞ்சுகிறது. மாஸ்க் தளர்ந்தால் கன்னத்தில் காற்று பீறிடும், ஆளுக்கே தெரியும். குழாய் கழன்றால் முகத்தில் இருந்த அழுத்தம் சட்டென்று போகும், அதுவும் தெரியும்.

அப்படியானால் எல்லோருக்கும் இதையே கொடுத்திருக்கலாமே? கொடுக்க முடியாது. இதில் மூச்சு தலைகீழாகிவிடும். உள்ளே வருவது தானாக வரும், வெளியே விடுவதற்குத்தான் உழைக்க வேண்டும். பேசுவது சிரமம். பயிற்சி இல்லாதவர் சீக்கிரம் களைத்துவிடுவார். எட்டு மணி நேரப் பயணத்தில் பத்துப் பேர் இன்டர்காமில் பேசிக்கொண்டே இருக்க வேண்டிய விமானத்துக்கு இது தோதுப்படாது. தனியாளாக 40,000 அடியைத் தாண்டி வேவு பார்க்கப் போகிறவருக்கு இதைத் தவிர வேறு வழி கிடையாது.

அந்த உயரத்தில் இருந்து குதிக்க நேர்ந்தால்? பி.எல்.பி. மாஸ்க்கின் நடு எழுத்துக்காரரான லவ்லேஸ் தானே செய்து பார்த்தார். 1943 ஜூன் 24 அன்று வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பி-17இல் இருந்து 40,200 அடியில் பாராசூட்டோடு குதித்தார். அதுதான் அவருடைய முதல் குதிப்பே. பாராசூட் விரிந்த அதிர்ச்சியில் மயங்கினார், இடக்கைக் கையுறை பிய்ந்து போய் கை பனியில் வெந்தது. உடன் கட்டியிருந்த சின்ன ஆக்சிஜன் பாட்டில் அவரை உயிரோடு தரைக்குக் கொண்டுவந்தது. அடுத்தவர் முகத்தில் மாட்டும் பொருளைத் தன் உயிரை வைத்துச் சோதித்த அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

எதை எடுப்பது?

பகலில் 25,000 அடியில், திறந்த ஜன்னலில் நிற்கும் துப்பாக்கிக்காரருக்கு ஏ-14தான் என் முடிவு. கூடவே கண்பார்வையில் படும் இடத்தில் இமைக்கும் காட்டி, குழாய் இணைப்பைச் சட்டையோடு பிடித்துவைக்கும் கிளிப், ஐந்து நிமிடத்துக்கு ஒரு அழைப்பு. கிளிப் இல்லாமல் ஏ-14ஐ ஏற்றுக்கொள்ள மாட்டேன். ரெகுலேட்டரில் இருக்கும் அவசரத் திருகைத் திறந்தால் ஆக்சிஜன் நிற்காமல் கொட்டும், உருளையும் கிடுகிடுவென்று காலியாகும்; அதையும் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

இரவில் 20,000 அடியில் பறக்கும் விமானத்துக்கு, கையில் ஏற்கெனவே பிரிட்டிஷ் ரெகுலேட்டர் இருந்தால், எகானமைசரும் ஜி மாஸ்க்கும் போதும். மாற்றுகிறேன் என்று விமானங்களைத் தரையில் நிறுத்தி வைப்பது அந்தக் காலத்தில் இன்னும் பெரிய இழப்பாக இருந்திருக்கும். 40,000 அடிக்கு மேல் என்றால் ஏ-13. அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

ஏ-8பியைக் குப்பையில் போட வேண்டுமா? வேண்டாம். சண்டையிடாமல், அளவான உயரத்தில், சும்மா உட்கார்ந்து போகிற பயணிக்கும் காயம்பட்டுப் படுத்திருப்பவருக்கும் அதுவே பொருத்தம். சவரம் வேண்டாம், அளவு பார்க்க வேண்டாம், பயிற்சி வேண்டாம், மாட்டினால் போதும். இன்று பயணிகள் விமானத்தில் தலைக்கு மேலிருந்து விழும் மஞ்சள் கிண்ணமும் அதோடு தொங்கும் பையும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். பை உப்பாவிட்டாலும் ஆக்சிஜன் வந்துகொண்டுதான் இருக்கும் என்று விமானத்தில் அறிவிக்கும்போது, ஏ-8பியின் பை அசைவதைப் பார்த்து ஆக்சிஜன் வந்துகொண்டிருக்கிறது என்று நம்பிய ஆட்கள்தான் ஒவ்வொரு முறையும் எனக்கு ஞாபகத்துக்கு வருகிறார்கள்.